காலி டாங்க் ஜாக்கிரதை!

பழைய கார் பைத்தியங்களில் இரண்டு ரகம் உண்டு. பெயின்ட்டில் ஆரம்பிப்பவர்கள், பெட்ரோல் டாங்க்கில் ஆரம்பிப்பவர்கள். முதல் ரகத்தின் வண்டி போட்டோவில் பிரமாதமாக ஓடும். இரண்டாவது ரகத்தின் வண்டி ரோட்டில் ஓடும்.

என் பெரியப்பா முதல் ரகம். வயது எண்பத்தொன்று. பாங்க்கிலிருந்து ரிடையராகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. குரோம்பேட்டை வீட்டு ஷெட்டில் அவருடைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1964 மாடல், இரண்டு கதவு, எம்.எஸ். என்று ஆரம்பிக்கும் நம்பர். 2003-ல் நிறுத்தியது. அதற்கப்புறம் தெருப் பூனைகள் மூன்று தலைமுறையாகப் பிரசவத்துக்கு வந்து போனதைத் தவிர அதில் வேறு போக்குவரத்து கிடையாது.

2025 ஜூனில் அமெரிக்காவிலிருந்து அண்ணன் பணம் அனுப்பினான். வண்டியை ஓட வைக்க வேண்டும், டிசம்பரில் லீவில் வரும்போது அம்மாவை உட்கார வைத்து ஒரு ரவுண்டு போக வேண்டும் என்று கட்டளை. பெரியப்பா உடனே தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பட்ஜெட் போட்டார். பெயின்ட் இவ்வளவு, க்ரோம் பம்பர் இவ்வளவு, ஸீட்டுக்கு ரெக்ஸின், டயர், பாட்டரி... கடைசி வரியில், ‘இதர செலவுகள் ரூ. 2,000’.

நான் பி.காம். எந்த பட்ஜெட்டைக் கொடுத்தாலும் ‘இதர’வைத்தான் முதலில் பார்ப்பேன். பூதம் அங்கேதான் காலை நீட்டிப் படுத்திருக்கும்.

“பெட்ரோல் டாங்க் எந்த ஹெட்ல வருது பெரியப்பா?”

“அதுக்கென்னடா? ஊத்தினா ஓடப் போகுது.”

இந்த ஒரு வாக்கியத்தை நம்பி ஷெட்டுக்குத் திரும்பிப் போன பழைய கார்கள் நிறைய. அதனால் இந்தக் கட்டுரையில் பெயின்ட்டைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. டாங்க், பைப், ஃபில்டர். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். கல்கத்தாக்காரர்களுக்கு அம்பாஸடர், பம்பாய்க்காரர்களுக்கு ஃபியட் என்றால், மெட்ராஸ்காரர்களுக்கு ஹெரால்டு. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்த வண்டி. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்டு கம்பெனி தயாரித்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றோடும் முன்பக்கமே மொத்தமாகக் கவிழ்ந்து கொடுக்கும். எஞ்சினைச் சுற்றி ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கலாம். மெக்கானிக்குகள் இந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரலில் ஒரு கனிவு வருவதற்கு அதுதான் காரணம்.

கம்பெனி மூடிப் பல காலம். இங்கிலாந்தில் மட்டும் ட்ரையம்ஃப் பைத்தியங்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் புண்ணியத்தில் பெட்ரோல் பம்ப் கிட், ரப்பர் சாமான் எல்லாம் அங்கிருந்து வரவழைக்க முடிகிறது. டாங்க் வராதா என்று கேட்காதீர்கள். வரும். பிளேன் டிக்கெட்டும் சேர்த்து நாம்தான் வாங்க வேண்டும்.

எங்கள் வண்டியில் டாங்க் இருப்பது டிக்கிக்குள், இடது பக்கம். அதாவது உங்கள் பெட்டி, பை, தேங்காய் மூட்டை எல்லாவற்றுக்கும் பக்கத்து ஸீட். இதை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். சுமார் முப்பது லிட்டர் பிடிக்கும். மேலே ஒரு சின்ன நெம்பு. அதைத் திருப்பினால் கடைசி ஒரு காலன் ரிசர்வ், பைக்கில் இருப்பது போல. வண்டி நின்றதும் இறங்கி, டிக்கியைத் திறந்து, சாமானை ஒதுக்கி, நெம்பைத் திருப்பிவிட்டு மறுபடி வந்து உட்கார வேண்டும். அந்தக் காலத்தில் யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

மெக்கானிக் பாய் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. எதைக் கேட்டாலும் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, இடது காதைக் கொடுத்துத்தான் கேட்பார். காரணம் பிறகு தெரிந்தது.

டாங்க் மூடியைத் திறந்தார். பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய வார்னிஷ் டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு நெடி. பெட்ரோல் என்பது ஒரே சாமான் இல்லை, பல சரக்குக் கலவை. லேசான சரக்கெல்லாம் முதலில் ஆவியாகிப் போய்விடும். மிச்சம் காற்றோடு சேர்ந்து கெட்டியாகிப் பிசினாகிவிடும். சில மாதத்திலேயே கெட ஆரம்பிக்கிற சமாசாரம், இருபத்திரண்டு வருஷம் கிடந்தால் கேட்க வேண்டுமா? பனை வெல்லப் பாகு மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதைவிட மோசம் துரு. பாதி டாங்க் பெட்ரோலோடு நிறுத்திய வண்டியில் மீதிப் பாதி காற்று. பகலில் சூடாகிக் காற்று வெளியே போகும், ராத்திரி குளிர்ந்து ஈரக்காற்று உள்ளே வரும். ஈரம் உள்சுவரில் வியர்த்து, சொட்டி, அடியில் போய்த் தங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம். ஆகையால் டாங்க் எப்போதும் அடியிலிருந்துதான் அரிக்கும், வெளியே தெரியாது. நீங்கள் ஆறு மாதம் ஊருக்குப் போவதாக இருந்தால் ஒன்று டாங்க்கை நிரப்பிவிட்டுப் போங்கள், இல்லை சுத்தமாகக் காலி செய்து கழற்றி வையுங்கள். பாதி என்பது கெடுதி.

பாட்டரி வயரைக் கழற்றி, வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி, பக்கத்தில் மணல் வாளியும் பவுடர் அடிக்கிற தீயணைப்பு சிலிண்டரும் வைத்த பிறகுதான் பாய் ஸ்பானரைத் தொட்டார். பெரியப்பா வேடிக்கை பார்த்தபடி, “என்ன பாய், டாங்க் கழட்ட இவ்வளவு பந்தோபஸ்தா?” என்றார்.

“ஆமா சார். டாங்க்குன்னா இப்படித்தான்.”

கழற்றிய டாங்க்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தோம். அடித்தகட்டில் குண்டூசித் துளை மாதிரி நாலைந்து இடத்தில் வானம் தெரிந்தது. இங்கே வந்தார் டிங்கர்.

பாயின் ஆள் இல்லை அவர். பெரியப்பாவே செலவைக் குறைக்கப் பக்கத்துத் தெருவிலிருந்து கூட்டி வந்தவர். டாங்க்கைத் தட்டிப் பார்த்தார். “இருபத்திரண்டு வருஷமா காஞ்ச டாங்க் சார். உள்ளே சொட்டு பெட்ரோல் கிடையாது. நாலு பொட்டு காஸ் வெல்டிங் வச்சா முடிஞ்சது. முந்நூறு ரூபா கொடுங்க.” பேசிக்கொண்டே லைட்டரை எடுத்துவிட்டார்.

பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே போய் சிலிண்டர் வால்வை மூடினார். டிங்கர் கையிலிருந்த ட்யூபை வாங்கிக் கீழே வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, “ஃபுல் டாங்க்கைக் கண்டாக்கூட நான் இவ்வளவு பயப்பட மாட்டேன் தம்பி. காலி டாங்க்தான் வெடிகுண்டு” என்றார்.

கேட்டால் நம்பத் தோன்றாது. ஆனால் ஸயின்ஸ் அவர் பக்கம். திரவமாக இருக்கும் பெட்ரோல் எரிவதில்லை, எரிவது அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு சரியான அளவில் கலந்தால்தான் பற்றும். கிட்டத்தட்ட 1.4 சதவிகிதத்திலிருந்து 7.6 சதவிகிதம் வரை. நிறைந்த டாங்க்கில் உள்ளே இருக்கிற கொஞ்ச இடத்திலும் ஆவி அதிகம், காற்று போதாது. காலி டாங்க்கில் காற்று தாராளம், கூடவே மடிப்பிலும் மூலையிலும் ஒட்டியிருக்கும் மிச்சம் மீதி. தகட்டில் நெருப்பைக் காட்டியதும் அந்தப் பிசினே ஆவியாகக் கிளம்பும். சுற்றி நாலு பக்கமும் மூடிய இரும்புப் பெட்டி. மீதியை விவரிக்க வேண்டியதில்லை.

விவரிக்க வேண்டியதை பாய் விவரித்தார். அவர் பதினாலு வயசில் ஒரு பட்டறையில் கையாளாக இருந்தபோது இதே போல ஒரு காய்ந்த டாங்க். வெல்டிங் வைத்தவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கத் திரும்பியிருக்கிறார். திரும்பியதால் முகம் தப்பித்தது. வலது காது அன்றோடு சரி. வெல்டர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார். நாங்களும் மேலே கேட்கவில்லை.

டிங்கர் காபி குடித்துவிட்டுப் போனார். பெரியப்பா அதற்கப்புறம் ‘இதர செலவுகள்’ பற்றிப் பேசவே இல்லை.

ஓட்டையான டாங்க்குக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. டாங்க் ரிப்பேரையே தொழிலாகச் செய்கிறவர்கள் மணிக்கணக்கில் வெந்நீரும் நீராவியும் விட்டுக் கழுவி, துளை இருக்கிற இடம் மட்டும் மேலே வரும்படி தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் சூட்டைக் காட்டுவார்கள். அப்படியில்லாமல் காய்ந்த டாங்க்கை மடியில் வைத்து எவராவது நெருப்புப் பெட்டியைத் தேடினால், டாங்க்கை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். கூலியைக் கொடுத்துவிட்டே நடையைக் கட்டுங்கள், நஷ்டமில்லை.

துளை இல்லாமல் துரு மட்டும் என்றால் வீட்டிலேயே முடியும். சோப்புத் தண்ணீரும் ஒரு கை நட்டு போல்ட்டும் போட்டு, ஓட்டைகளை அடைத்து, அம்மி அரைக்கிற பொறுமையோடு உருட்ட வேண்டும். பிறகு எலுமிச்சை உப்பு, அதாவது ஸிட்ரிக் ஆஸிட், வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஊற வைத்தால் துரு கரைந்துவிடும். பித்தளைக் குடத்துக்குப் புளி போட்டுத் தேய்க்கிற அதே வித்தைதான். கடைசியில் சமையல் சோடாத் தண்ணீரால் அலம்பி உடனே காய வைக்க வேண்டும். ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விட்டால் மறுநாள் காலையில் உள்ளே மஞ்சள் பூசி ரெடியாக இருக்கும், புதுத் துரு.

எங்கள் டாங்க் அந்தக் கட்டத்தையெல்லாம் தாண்டிவிட்டது. பாய் தீர்ப்பு சொன்னார்: “புதுசா செய்யணும்.”

புதுப்பேட்டையில் கார்ச் சாமான் எதையும் உடைத்து விற்பார்கள் என்பது தெரியும். எதையும் செய்து தருகிறவர்களும் அங்கே பக்கத்துச் சந்திலேயே உண்டு. பழைய டாங்க்கை மாதிரிக்கு வைத்துக்கொண்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் புதிதாக மடித்துத் தருவதாக ஒருவர் ஒப்புக்கொண்டார். பெரியம்மா கேள்விப்பட்டு, “எவர்சில்வரா? அப்படின்னா பேரைப் பொறிச்சு வாங்கிட்டு வாங்க” என்றாள். எங்கள் குடும்பத்தில் பெயர் பொறிக்காத எவர்சில்வர் சாமான் எதுவும் வீட்டுக்குள் வந்ததில்லை.

எவர்சில்வர் எதற்கு, சாதா தகடு போதாதா? இதற்குப் பதில் தெரிய பெட்ரோல் பங்க்குக்குப் போக வேண்டும்.

1964-ல் இந்த வண்டி குடித்த பெட்ரோலில் ஈயம் இருந்தது. அது 2000-ல் நாடு முழுக்க ஒழிந்தது. அதற்குப் பதிலாக இப்போது எத்தனால், அதாவது ஸ்பிரிட். 2022-ல் பத்து சதவிகிதம் எட்டியது. 2023 பிப்ரவரியில் இருபது சதவிகிதக் கலப்பு விற்பனைக்கு வந்தது. 2025-ல் நாடு முழுவதும் அதுவே வழக்கமான பெட்ரோலாகிவிட்டது. நாட்டுக்கு நல்லதா, கரும்பு விவசாயிக்கு நல்லதா என்பதெல்லாம் வேறு பக்கத்தில் எழுத வேண்டிய விஷயம். பெரியப்பாவின் கார் படித்த பள்ளிக்கூடத்தில் எத்தனால் பாடமே கிடையாது. அதுதான் இங்கே பிரச்னை.

எத்தனால் மூன்று வேலை செய்கிறது. ஒன்று, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் கூட்டு சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பழைய டாங்க்குகளுக்கு உள்ளே பூசியிருக்கும் ஈயப் பூச்சுக்கும் அதற்கும் ஒத்துப் போகாது. இரண்டு, அந்தக் கால ரப்பரை ஊறப்போட்ட அப்பளம் மாதிரி ஆக்கிவிடும். மூன்றாவதுதான் வேடிக்கை. அது நல்ல கரைப்பான். நாற்பது வருஷமாகப் பைப்பில் சமர்த்தாக ஒட்டியிருந்த அழுக்கையெல்லாம் கிளப்பிக்கொண்டு எஞ்சின் பக்கம் ஊர்வலம் கிளம்பும். ‘அப்பா காலத்துல நல்லா ஓடின வண்டி, புதுப் பெட்ரோல் ஊத்தினதும் நின்னுடுச்சு’ என்று சொல்வார்கள் இல்லையா, அதில் பாதி கேஸ் இந்த ஊர்வலம்தான் என்பது என் கட்சி.

டாங்க் செய்து வந்ததும் பாய் முதலில் அதை ஆட்டிப் பார்த்தார். உள்ளே தடுப்புத் தகடு இருக்கிறதா என்று. அது இல்லையென்றால் வளைவில் திரும்பும்போது பெட்ரோல் மொத்தமும் ஒரு பக்கமாக ஓடும், வண்டி இருமும். பல பேர் கூலி மிச்சம் என்று அதை விட்டுவிடுவார்கள். எங்கள் ஆள் விடவில்லை. பழைய டாங்க்கின் ரிசர்வ் நெம்பையும் பத்திரமாகக் கழற்றிப் புதியதில் பொருத்தியிருந்தார். அதற்குத் தனியாக இருநூறு ரூபாய் கொடுத்தபோது கணக்குப் பிள்ளையான எனக்கே வலிக்கவில்லை.

அடுத்து லீக் டெஸ்ட். பஞ்சர் கடைக் காற்றைக் கொண்டுவந்து பிடித்தால் டாங்க் பூரி மாதிரி உப்பிவிடும். சைக்கிள் பம்பால் இரண்டு மூன்று பவுண்டு அழுத்தம் போதும். மேலே சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தையலில் வந்தது. திரும்பப் போய் அடைத்துக்கொண்டு வந்தோம். டாங்க்குக்குள் பெட்ரோல் விழுவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் அது பஸ் சார்ஜோடு போகும்.

பொருத்தும்போது கவனித்த சில விஷயங்கள். டாங்க்குக்கு அடியில் பழைய வண்டிகளில் கம்பளித் துணி மாதிரி ஒன்று போட்டிருப்பார்கள். அது தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு தகட்டை அரிக்கும். ரப்பர் பட்டை போட்டோம். டாங்க்கிலிருந்து பாடிக்கு ஒரு எர்த் வயர். இது இல்லாவிட்டால் பெட்ரோல் முள் தன் இஷ்டத்துக்கு ஆடும். ஸ்டாடிக் கரன்ட் தங்குவதற்கும் இடம் கொடுக்கக் கூடாது.

டாங்க்கிலிருந்து எஞ்சின் வரை போகும் பைப்பைக் கழுவி உபயோகிக்கலாமா என்று பெரியப்பா ஆசையாகக் கேட்டார். பாய் அதன் ஒரு முனையில் காற்றடித்தார். மறு முனையிலிருந்து காப்பிப்பொடி மாதிரி கொட்டியது. பெரியப்பா மறு கேள்வி கேட்கவில்லை. அந்த இடத்தில் வெறும் செம்புக் குழாய் போடுகிறவர்கள் உண்டு. வளைக்க சுலபம், பார்க்க அழகு. ஆனால் ஓயாத அதிர்வில் செம்பு இறுகி ஒரு நாள் விரிந்துவிடும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் கிடைக்கிறது, அதைப் போட்டோம். ஸைலன்ஸர் பைப்பிலிருந்து தள்ளி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிளிப். தொங்கல் இருக்கக் கூடாது, உரசல் இருக்கக் கூடாது.

இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேருகிற இடங்களில்தான் பணத்தை மிச்சம் பிடிக்கவே கூடாது. ‘பெட்ரோல் ட்யூப்’ என்று மட்டும் கேட்டால் கடைக்காரர் மீட்டர் முப்பது ரூபாய்க்கும் ஒன்றைக் கொடுப்பார். நீங்கள் கேட்க வேண்டியது எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ். மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்று அச்சடித்திருக்கும். விலை பல மடங்கு. ஜி.பி. ரோடில் நாலாவது கடையில் கிடைத்தது. முதல் மூன்று கடையிலும், “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார், இதையே போடுங்க” என்றார்கள். ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்பது தமிழ்நாட்டின் உத்தியோகபூர்வ வாரன்ட்டி.

இனி ஃபில்டர்.

இந்த வண்டியில் எஞ்சினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப். எஞ்சின் சுற்றினால் அதுவும் துடிக்கும். அடியில் கண்ணாடிக் கிண்ணம், அதில் ஒரு கம்பி வலை. கனமான அழுக்கும் தண்ணீரும் அந்தக் கிண்ணத்தில் தங்கிவிடும். பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும். 1960-களின் எஞ்சினியர்கள் வாகனச் சொந்தக்காரரை நம்பினார்கள், பாவம். ஆனால் பொடித் துரு அந்த வலையில் நிற்காது. நேரே கார்ப்புரேட்டர் போகும். அங்கே ஜெட்டின் துளை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நடு ரோட்டில் நிற்பதற்கு ஒரு ரவைத் துருக்கு யார் அனுமதியும் தேவையில்லை.

ஆகவே காகித ஃபில்டர் ஒன்று தேவை. எங்கே? பம்புக்கு முன்னாலா, பின்னாலா? பழைய கார்க்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இது ஒரு பட்டிமன்றம். முன்னால் வைத்தால் பம்புக்கும் பாதுகாப்பு, ஆனால் அடைத்துக்கொண்டால் பம்ப் உறிஞ்ச முடியாமல் திணறும். பின்னால் வைத்தால் பம்ப் தள்ளிவிடும், ஆனால் அங்கே லீக் ஆனால் அழுத்தத்தோடு, சூடான எஞ்சின் மேலேயே பெட்ரோல் தெளிக்கும். பாய் கட்சி முன்னால்தான். என் ஓட்டும் அதற்கே. நிற்கிற வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம், எரிகிற வண்டியைத் தள்ள முடியாது.

முதல் மாதம் மட்டும் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஃபில்டர், சூடு படாத இடத்தில், அம்புக்குறி எஞ்சினைப் பார்த்தபடி. அம்பைத் தலைகீழாக மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சிரிக்காதீர்கள். புது டாங்க், புதுப் பைப் என்றாலும் மூலைமுடுக்கில் இருக்கும் தூசி தும்பு எல்லாம் அந்த மாதத்தில் வந்துவிடும், கண்ணால் பார்த்து மாற்றலாம். அதற்கப்புறம் உலோக உடம்பு ஃபில்டர். கண்ணாடி போட்டு, முனைகளைத் திருகிக் கழற்றுகிற மாதிரி பளபளப்பான ஃபில்டர் ஒன்று விற்கிறார்கள், பானெட்டைத் திறந்து நண்பர்களிடம் காட்ட அழகாக இருக்கும். அதிர்வில் அந்தத் திருகு தளர்ந்தால் நண்பர்கள் ஓட வேண்டியிருக்கும்.

பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் இங்கிலாந்திலிருந்து வந்த எத்தனால் தாங்கும் கிட். பக்கவாட்டில் ஒரு சின்ன கை நெம்பு இருக்கிறது. எஞ்சின் சுற்றாமலே அதை விரலால் அடித்துப் பெட்ரோலை மேலே ஏற்றலாம். முதலில் இரண்டே லிட்டர் ஊற்றி, வண்டிக்கடியில் அட்டை விரித்து ராத்திரி முழுக்க விட்டோம். காலையில் அட்டை சுத்தம். பிறகு கார்ப்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, நெம்பை அடித்து, வருகிற பெட்ரோலை வெயிலில் தூக்கிப் பார்த்தார் பாய். ரத்தப் பரிசோதனை ரிசல்ட் மாதிரி எல்லோரும் காத்திருந்தோம். சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம்தான் சாவி.

ஸ்டார்ட் ஆன கதையை விட்டுவிடுகிறேன். எல்லா ஸ்டார்ட் கதைகளும் ஒரே மாதிரிதான், பெரியவர் கண் துடைத்துக்கொள்வார். சுவாரஸ்யம் மூன்றாவது கிலோமீட்டரில். பல்லாவரம் தாண்டியதும் வண்டி மெதுவாக இருமி நின்றது. டாங்க் நிறையப் பெட்ரோல். ஃபில்டரில் தூசி இல்லை. பின்னால் ஹாரன் கச்சேரி.

“வேபர் லாக்! பம்ப் மேல ஈரத்துணி போடு” என்றார் பெரியப்பா. அதுவும் உள்ள வியாதிதான். மே மாத வெயிலில் பைப்புக்குள் பெட்ரோல் கொதித்து ஆவி அடைத்துக்கொள்ளும். ஆனால் பாய் எஞ்சின் பக்கமே போகவில்லை. பின்னால் போய் டாங்க் மூடியைத் திறந்தார். ‘புஸ்ஸ்...’ என்று காற்று உள்ளே போன சத்தம். வண்டி ஸ்டார்ட் ஆனது.

டாங்க் மூச்சுவிட வேண்டும் ஸார். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காகப் பழைய மூடியில் ஒரு சின்னத் துவாரம் வைத்திருந்தான் வெள்ளைக்காரன். கடைக்காரர் ஒருவர், “எல்லாம் ஒண்ணுதான்” என்று பாயின் பையனிடம் தள்ளிவிட்ட புது மூடியில் துவாரம் இல்லை. ஸ்ட்ராவைக் கையால் மூடிக்கொண்டு ஜூஸ் குடிப்பது போல பம்ப் உறிஞ்சிப் பார்த்துக் களைத்துவிட்டது. பழைய மூடியையே தேய்த்து, துவாரத்தை ஊசியால் குத்தி, புது வாஷர் போட்டு மாட்டினார்கள். இருபது ரூபாய் செலவு.

கடைசிப் பரீட்சை பெரியம்மாவுடையது. அவளுக்கு வீஸிங். பெட்ரோல் நெடி பட்டால் ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்க வேண்டியதுதான். டாங்க் டிக்கிக்குள் இருக்கிறது என்று சொன்னேனல்லவா? ஹோஸ் கிளிப் ஒன்று லேசாகத் தளர்ந்தால் போதும், காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி டிக்கித் தரையில் தேங்கி, ஸீட்டுக்கடியில் கசிந்து உள்ளே வரும். நெடி என்பது வெறும் நாற்றம் இல்லை, அது ஒரு நோட்டீஸ். மாடியில் துணி உலர்த்திக்கொண்டே கீழே பால் பொங்குவதைக் கண்டுபிடிக்கும் மூக்கு அவளுடையது. வண்டியை ராத்திரி முழுக்கக் கண்ணாடி ஏற்றிப் பூட்டி வைத்து, காலையில் அவளைக் கூட்டி வந்து கதவைத் திறந்தோம்.

மோப்பம் பிடித்தாள். “டிக்கியைத் திற.” திறந்தேன். குனிந்தாள். “இங்கே லேசா இருக்கு.”

பாய் படுத்துக்கொண்டு தேடினார். முள் காட்டும் மிதவைக்கு மேலே இருக்கும் தக்கை வாஷரில் ஈரம். மாற்றினார். மறுநாள் மறுபடி பரீட்சை. “ம்... பரவாயில்லை” என்றாள். பெரியம்மா அகராதியில் அது டிஸ்டிங்ஷன்.

டிசம்பரில் அண்ணன் வந்தான். ஷெட்டைத் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “பெயின்ட் எங்கேப்பா?” பெயின்ட் பணத்தில் பாதியை டாங்க் குடித்திருந்தது. அங்கங்கே ப்ரைமர் பூசி, வண்டி தேமல் வந்த மாதிரி நின்றது. பெரியப்பா பதில் சொல்லாமல் டிக்கியைத் திறந்து எவர்சில்வர் டாங்க்கைக் காட்டினார். அண்ணன் அமெரிக்காவில் பதினாறு வருஷமாக எஞ்சினியர். குனிந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு பாயின் கையைப் பிடித்து ரொம்ப நேரம் குலுக்கினான்.

இப்போது மாதம் இரண்டு முறை வண்டி வெளியே வருகிறது. எத்தனால் பெட்ரோலைத் தேங்கவிடக் கூடாது என்பதால் கொஞ்சமாக ஊற்றி ஓட்டித் தீர்த்துவிடுவது வழக்கமாகியிருக்கிறது. பாட்டரியில் ஒரு ஸ்விட்ச், டிரைவர் ஸீட்டுக்கடியில் தீயணைப்பு சிலிண்டர். கழற்றிய ஃபில்டர்களைப் பெரியப்பா பெட்ரோல் உலர்த்தி, தேதி எழுதி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார். முதலாவது டிகாக்‌ஷன் நிறம். இரண்டாவது சுக்குக் காப்பி. மூன்றாவது ஏறக்குறைய வெள்ளை. நாலாவதை மார்ச்சில் மாற்ற வேண்டும். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி பெரியம்மா தினமும் கேட்கிறாள், துவரம்பருப்புக்கு.